மாவோரி மொழியில் நிகழ்காலம்: கற்றல் கற்பித்தல் நோக்கில் சில சிந்தனைகள்

நியூசிலாந்தின் முதற்குடி மக்களாகிய மாவோரியரைத் தமிழ்ப் புலமையுலகம் பெரும்பாலும் ஒரு மணியின் வாயிலாகவே அறிந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்னும் சமய ஊழியர் மாவோரியரிடத்தே கண்டெடுத்த, தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணி இன்று வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மணியைப் பற்றி எழுதியோர் பலர்; அதனைச் சமையற்கலமாகப் பயன்படுத்திய மக்களின் மொழியைப் பற்றித் தமிழில் எழுதியோர் மிகச் சிலரே. அம்மொழியின் இலக்கணக் கூறு ஒன்றனை, அதாவது நிகழ்காலத்தை உணர்த்தும் முறையினை, கற்போர் நோக்கில் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நிகழ்காலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மாவோரி இன்று பெரும்பாலும் இரண்டாம் மொழியாகக் கற்கப்படும் மொழி. 1972ஆம் ஆண்டு செப்டம்பரில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையுடன் நாடாளுமன்றத்திடம் அளிக்கப்பட்டது. 1982இல் 'கோஹங ரெயொ' எனப்படும் மொழிக்கூடுகள், அதாவது மாவோரி மட்டுமே பேசப்படும் மழலையர் நிலையங்கள், தோன்றின. 1987இல் அம்மொழி சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. 2023ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அதனைப் பேசக்கூடியோர் 2 இலட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர்கள். இவர்கள் முதல் நாள் வகுப்பிலேயே சந்திக்கும் தொடர் நிகழ்காலத் தொடர்தான். அங்கே ஆங்கில நிகழ்காலத்தின் அச்சு மனத்தில் பதிந்துவிடுமாயின், பின்னர்க் கற்பவை யாவும் மாவோரிச் சொற்களை உடுத்திய ஆங்கிலமாகவே அமையும். சொற்கள் பிழைத்து இலக்கணம் இறந்துபடும் நிலையை மொழி மீட்சி என்று கூறுதல் இயலாது.

இனி எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். மாவோரி மொழியில் ஐந்து உயிர்கள் உள்ளன. ஐந்தும் குறிலாகவும் நெடிலாகவும் வரும். குறில் நெடில் மாறின் பொருளும் மாறும். உரோமன் எழுத்தில் நெடிலைக் காட்ட மேற்கோடு இடுவதா, உயிரை இரட்டித்து எழுதுவதா என்று அங்கே நெடுநாள் வழக்கு நடந்தது. தமிழெழுத்திற்கு அவ்வழக்கு வேண்டுவதில்லை. எகர ஒகரங்களுக்கும் நம்மிடம் குறில் நெடில் உண்டு. மொழிக்கு முதலில் வரும் ஙகரமும் நமக்கு எழுத்தளவிலேனும் அயலானதன்று. எனவே இங்குக் காட்டப்பெறும் மாவோரித் தொடர்களைக் குறில் நெடில் பிறழாது படிக்குமாறு வேண்டுகின்றோம். 'மாவோரி' என்னும் பெயரை மட்டும் வழக்கிலுள்ளவாறே எழுதியுள்ளோம்.

இடத்திலிருந்து காலத்திற்கு

மாவோரித் தொடர் வினையில் தொடங்குவது. எழுவாய் அதன் பின் வரும். வினைச்சொல் திணை, பால், எண், இடம் எவற்றையும் ஏற்பதில்லை, காலத்தையும் ஏற்பதில்லை. 'ஹயெரெ' என்பது 'செல்' என்னும் பொருளுடையது. சென்றேன், செல்கிறார்கள், செல்வாய் ஆகிய அனைத்திலும் அது 'ஹயெரெ'யாகவே நிற்கும். காலமும் வினைநிலையும் அதற்கு முன்னே வரும் சிறு இடைச்சொற்களால் உணர்த்தப்படுகின்றன. பகுதியைத் தொடர்ந்து இடைநிலை, விகுதி என அடுக்கிச் செல்லும் நம் வினைமுற்றுக்கு இது நேர்மாறானது.

பாடநூல்களில் நிகழ்காலம் என்று முதலில் கற்பிக்கப்படுவது 'கெய் தெ' என்னும் இணையாகும்.

கெய் தெ ஹயெரெ அவ்.
'நான் சென்றுகொண்டிருக்கிறேன்.'

இதில் 'அவ்' என்பது 'நான்'. 'கெய் தெ' என்பதை நிகழ்கால உருபு என்று கூறி அடுத்த பாடத்திற்குச் செல்வது எளிது. பல வகுப்புகளில் நடப்பதும் அதுவே. ஆயின் பின்வரும் தொடரையும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும்.

கெய் தெ குர அவ்.
'நான் பள்ளியில் இருக்கிறேன்.'

'குர' என்பது பள்ளி. 'தெ' என்பது ஒருமைப் பெயருக்கு முன்வரும் சுட்டு. 'கெய்' என்பது 'இல்' என்னும் நம் ஏழாம் வேற்றுமை உருபினை ஒத்த இடப்பொருட் சொல். இருத்தலை உணர்த்தும் வினை இத்தொடரில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. அப்படியாயின் முதலில் கண்ட தொடரின் அமைப்பும் விளங்கும். 'செல்லுதலின்கண் நான்' என்பதே அதன் சொற்கிடக்கை. பள்ளியில் ஒருவர் இருப்பது போலவே செயலிலும் ஒருவர் இருக்கின்றார். மாவோரி மொழி நிகழ்காலத்தை ஒரு காலமாக அன்றி ஓர் இடமாகவே கட்டியமைத்துள்ளது.

இங்கே இன்னொரு நுட்பம் உள்ளது. இவ்விடப்பொருட் சொல் காலத்திற்கேற்ப மாறும் இயல்புடையது. இப்போது பள்ளியில் எனின் 'கெய்'. முன்பு பள்ளியில் எனின் 'இ'. இனிமேல் பள்ளியில் எனின் 'ஹெய்'. நம் மொழியில் 'இல்' என்னும் உருபே இறந்தகால இல், நிகழ்கால இல், எதிர்கால இல் என மூன்றாகப் பிரிந்து நின்று, 'இருந்தேன்', 'இருக்கிறேன்', 'இருப்பேன்' என்னும் வினைகள் வழக்கொழிந்தன என்று கற்பனை செய்துகொண்டால் இதன் அழகு விளங்கும். வினை காலம் காட்டும், பெயர் வேற்றுமை ஏற்கும் என்னும் பாகுபாட்டில் ஊறியவர்களாகிய நமக்கு, வேற்றுமை உருபே காலம் காட்டுதல் வியப்பளிப்பது. 'இ தெ ஹயெரெ அவ்' என்றால் 'நான் சென்றுகொண்டிருந்தேன்'. இதுவும் அவ்வழியே வந்ததாகும்.

இஃது ஒப்புமை நோக்கி நாம் புனைந்த விளக்கமோ என ஐயுறுவார்க்கு எதிர்மறைத் தொடர்கள் விடை தரும்.

காவொரெ அவ் இ தெ குர.
'நான் பள்ளியில் இல்லை.'

காவொரெ அவ் இ தெ ஹயெரெ.
'நான் சென்றுகொண்டிருக்கவில்லை.'

'காவொரெ' என்னும் எதிர்மறைச் சொல் தொடக்கத்தில் வந்ததும் எழுவாய் அதனை அடுத்து முன்னேறுகின்றது. 'கெய்' என்பது 'இ' எனத் திரிகின்றது. இடத்தை மறுக்கும் தொடரும் செயலை மறுக்கும் தொடரும் அமைப்பில் ஒன்றாகவே உள்ளன. மாவோரியின் ஏனைய வினை இடைச்சொற்கள் இவ்வாறு எதிர்மறை ஆவதில்லை. ஆகவே 'கெய் தெ ஹயெரெ' என்பது உருவில் இடத்தொடர் என்பதை எதிர்மறையே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

எனினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் ஆகாது. 'தெ' என்பதன் பன்மை 'ஙா'. 'கெய் ஙா குர', 'பள்ளிகளில்', எனலாம். ஆயின் 'ஹயெரெ' என்பதற்கு முன் 'கெய் ஙா' வருவதில்லை. செயலோடு வரும் 'தெ' உறைந்துபோன சுட்டு. தன் எண்ணுணர்ச்சியை இழந்துவிட்டது. நம் 'கொண்டிருக்கிறேன்' என்பதில் உள்ள 'கொள்' தன் கைப்பற்றும் பொருளை இழந்து நிற்பதை இதனோடு ஒப்பிடலாம்.

நாம் நியூசிலாந்தில் ஆய்வு மேற்கொண்டிருந்த ஆண்டுகளில் மாலைநேர மாவோரி வகுப்பொன்றில் அமர்ந்திருந்தோம். உடன் பயின்றோரிற் பலர் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்கள். இருத்தலுக்குரிய சொல் எது என்று அவர்கள் மீண்டும் மீண்டும் வினவினர். 'ஹெ கையக்கொ அவ்' என்னும் தொடர், 'நான் ஓர் ஆசிரியர்', அவர்களைப் பல வாரங்கள் துன்புறுத்தியது. தமிழருக்கோ அதில் இடர்ப்பாடில்லை. 'நான் ஆசிரியர்' என்று பெயர்ப்பயனிலை கொண்டு முடிப்பது நம் இயல்பு. அதுபோலவே 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு மாவோரியிலும் உண்டு. மலாய் மொழியின் 'கீத்தா', 'காமி' அறிந்த நம் மாணவர்க்கு அதனை விளக்கவே வேண்டுவதில்லை.

மலாயும் தமிழும் காட்டும் வழி

மலாய் மொழியை இங்கு நினைவூட்டுவது தற்செயலன்று. மாவோரியும் மலாயும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் 'ஈக்கான்' மீன், மாவோரியில் 'இக்க'. 'மினும்' பருகுதல், 'இனு'. 'மாத்தி' சாவு, 'மத்தெ'. 'லாங்ஙிட்' வானம், 'ரஙி'. 'லீமா' ஐந்து, 'ரிம'. இறுதி மெய்கள் மாவோரியில் உதிர்ந்துள்ளமையை வாசகர் எளிதிற் காணலாம். சொற்களைக் காட்டிலும் நம் நோக்கத்திற்கு வேண்டுவது வேறொன்று. 'டியா தெங்ஙா மக்கான்' என்று மலாயில் கூறுகின்றோம். 'அவர் உண்டுகொண்டிருக்கிறார்' என்பது பொருள். 'தெங்ஙா' என்பது 'நடு' என்னும் இடச்சொல். உண்ணுதலின் நடுவே அவர் இருக்கின்றார். உறவுமொழிகள் இரண்டும் தனித்தனிச் சொற்களைக் கொண்டு ஒரே கருத்தை எட்டியுள்ளன. எனவே மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவருக்கு 'கெய் தெ' அமைப்பை விளக்க ஆங்கிலத்தை இடைத்தரகராக்க வேண்டுவதில்லை, 'தெங்ஙா'வே போதும்.

தமிழின் நிகழ்காலமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என்னும் மூன்றனைக் கூறும். 'உண்ணாநின்றான்' என்பதில் 'நில்' என்னும் வினை வெளிப்படையாகவே நிற்கின்றது. 'உண்டுகொண்டிருக்கிறான்' என்னும் இக்கால வழக்கில் 'இரு' வந்தமர்ந்துள்ளது. நிற்றலும் இருத்தலும் இடம் பற்றிய வினைகளே. பழந்தமிழில் 'செய்யும்' என்னும் வாய்பாடு நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவாக நின்றதையும், நிகழ்காலத்திற்கெனத் தனி இடைநிலை பிற்காலத்திலேயே பெருவழக்குப் பெற்றதையும் நம் இலக்கண வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நிகழ்காலம் என்பது எல்லா மொழிகளிலும் முதலிலேயே ஆயத்தமாக இருக்கும் அறையன்று. தேவை நேர்ந்தபோது அருகிலுள்ள பொருள்களைக் கொண்டு எழுப்பப்படுவது என்பதற்கு நம் மொழியே சான்றாகும்.

இடமும் காலமும் மாவோரியில் கைகோத்து நிற்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 'முவ' என்பது முன்புறம், 'முரி' என்பது பின்புறம். மாவோரியர்க்கு இறந்தகாலம் 'முவ'வில் உள்ளது, எதிர்காலம் 'முரி'யில் உள்ளது. கடந்தவை கண்முன் தெரிவன; வருபவை முதுகுக்குப் பின்னால் மறைந்துள்ளன. ஆங்கிலத்திற் பயின்றோர் இதனைப் பெருவியப்பாக எழுதுவர். முன்னோர், முன்னாள், பின்னாள், பின்பு எனப் பேசும் நமக்கோ இது நம் வீட்டுத் திண்ணை. 'எதிர்காலம்' என்னும் சொல்லில் மட்டும் வருங்காலம் நம்மை எதிர்நோக்கி வருகின்றது. இரு பார்வையும் தமிழில் உள எனலாம்.

இதனினும் சுவையானது சுட்டு. மாவோரியில் 'நெய்' பேசுவோர் அருகையும், 'நா' கேட்போர் அருகையும், 'ரா' இருவர்க்கும் சேய்மையையும் குறிக்கும். இகர, உகர, அகரச் சுட்டுகளை இவற்றோடு ஒப்பிடாமல் தமிழாசிரியர் எவரும் மேலே செல்லார். உகரச் சுட்டு நம்மிடையே வழக்கிறந்துவிட்டது. இலங்கைத் தமிழில் 'உது', 'உவன்' என இன்றும் வாழ்கின்றது. மாவோரியின் மூன்று சுட்டும் நிகழ்கால வினையோடு சேரும். 'எ நொஹொ நெய்' என்றால் இங்கே என்னருகில் அமர்ந்திருக்கும், 'எ நொஹொ நா' என்றால் உன்னருகில் அமர்ந்திருக்கும், 'எ நொஹொ ரா' என்றால் அங்கே அமர்ந்திருக்கும் என விரியும். செயல் எங்கே நிகழ்கின்றது என்பதைக் கூறினாலே அது நிகழ்கின்றது என்பதும் பெறப்படும். 'இப்போது' என்னும் பொருள்தரும் 'இனாயனெய்' என்னும் சொல்லின் ஈற்றிலும் அந்த 'நெய்' உள்ளது.

ஒரு 'கிறேன்', நான்கு வழிகள்

இதுவரை கண்டதைக் கொண்டு, நிகழ்காலமெனில் 'கெய் தெ' எனக் கற்பவர் முடிவு செய்துவிடுதல் கூடாது. தமிழரின் இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான். நம் 'செல்கிறேன்' என்னும் முற்று, இப்போது நிகழ்வதையும் நாள்தோறும் நிகழ்வதையும் நாளை நிகழவிருப்பதையும் ஒருங்கே தாங்கும். மாவோரி இவற்றைப் பிரித்தறிகின்றது.

'நான் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கிறேன்' என்பதற்கு 'க ஹயெரெ அவ் கி தெ குர இய ரா' எனக் கூறலாம். இங்கு வருவது 'க' என்னும் இடைச்சொல். பல பாடநூல்கள் இதனை எதிர்கால உருபு என்று அறிமுகம் செய்கின்றன. 'நாளை செல்வேன்' என்பதிலும் அது வருவது உண்மையே. ஆயின் பழங்கதை கூறும் முதியோர், நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக 'க', 'க' என்றே அடுக்கிச் செல்வர். ஒரே சொல் இறந்தகாலத்திலும் வழக்கமான செயலிலும் எதிர்காலத்திலும் வருமாயின் அது காலங்காட்டும் சொல்லன்று என்பது தெளிவு. புதிய நிகழ்ச்சி ஒன்று தொடங்குகின்றது என்பதே அதன் பணி. காலத்தைச் சூழல் தரும். 'க' எதிர்காலம் எனப் பயின்ற மாணவர் முதன்முறையாக ஒரு பழங்கதையைக் கையிலெடுக்கும்போது, நடந்ததெல்லாம் இனி நடக்கப்போவதாகத் தோன்றித் திகைப்பர்.

அடுத்தது 'எ', 'அன' என்னும் இரண்டும் வினையை நடுவில் வைத்து அணைக்கும் அமைப்பு. 'எ வையத்த அன ஙா தமரிக்கி' என்பது 'குழந்தைகள் பாடிக்கொண்டிருக்கின்றனர்'. 'இனனஹி', நேற்று, என்னும் சொல் உடன்வரின் அதுவே 'பாடிக்கொண்டிருந்தனர்' ஆகும். தொடர்ச்சியைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. 'கெய் தெ' இப்போதைக்கு மட்டும் உரியது. 'எ … அன' எப்போதைக்கும் உரியது. ஆங்கிலத்தில் நினைத்து மாவோரியில் பேசுவோர் நாவில் 'கெய் தெ' மிகுவதும் 'எ … அன' அருகுவதும் இயல்பாகவே நேரக்கூடியன. நிகழ்கால உருபு ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டபின் மற்றொன்றைத் தேடுவார் யார்? பாடத்திட்டம் இயற்றுவோர் கவலைப்பட வேண்டிய இடம் இதுவென்பது நம் கருத்து.

நான்காவது வழி 'குவ'. பாடநூல்களில் இது முற்றுப்பெற்ற செயலைக் காட்டுவது என்றே வரும். ஆயின் நிலையை உணர்த்தும் சொற்களோடு சேரும்போது நிகழ்காலப் பொருளைத் தரும். 'கெய் தெ ஹியக்கய் அவ்' என்பது 'எனக்குப் பசிக்கிறது'. 'குவ ஹியக்கய் அவ்' என்பதும் இப்போதுள்ள பசியையே கூறும். சற்றுமுன் இல்லாத பசி இப்போது வந்துவிட்டது என்னும் மாற்றத்தையும் சேர்த்துக் கூறும். 'பசி வந்துவிட்டது' என்னும் தமிழ்த்தொடர் இதற்கு மிக அணுக்கமானது. 'விடு' என்னும் துணைவினையை அறிந்தவர்க்கு 'குவ' விரைவில் வசப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாவிடின் நேரும் இடர் சிறிதன்று. 'கெய் தெ மத்தெ இய' என்றால் 'அவர் நோயுற்றிருக்கிறார்'. 'குவ மத்தெ இய' என்றால் 'அவர் இறந்துவிட்டார்'.

உணர்ச்சி, அறிவு ஆகியவற்றைக் குறிக்கும் தொடர்களில் தமிழர் எழுவாயைப் பற்றியும் கருதுதல் வேண்டும். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என நாம் நான்காம் வேற்றுமையைக் கொள்கின்றோம். மாவோரியில் 'நான்' எழுவாயாகவே நிற்கும்: 'கெய் தெ மோஹியொ அவ்'. அன்றியும் 'தெரியும்' என்பது உருவில் எதிர்காலம், பொருளில் நிகழ்காலம். ஆண்டுதோறும் இதனை மாணவர்க்கு விளக்க முயன்று நாம் பெற்றுள்ள அனுபவம், காலப் பெயர்களை அப்படியே நம்பலாகாது என்பதை மாவோரி பயில்வதற்கு முன்பே நமக்கு உணர்த்தியிருக்கும்.

வகுப்பறையில்

1820இல் தாமஸ் கெண்டல், ஹோங்ஙி ஹிக்கா, வைக்காத்தோ ஆகியோரின் துணையுடன் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாமுவேல் லீ உருவாக்கிய இலக்கணமும், 1842இல் இராபர்ட் மான்செல் எழுதியதும் ஐரோப்பிய இலக்கண மரபில் பயின்றோர் ஆக்கங்கள். அம்மரபின் கால அட்டவணை வகுப்பறையை விட்டு எளிதில் அகலவில்லை. அதற்கு மாற்றாக 1970களின் இறுதியில் எழுந்ததே 'தெ ஆத்தாரஙி' என்னும் முறை. காத்தரீனா மத்தாயிராவும் ஙொய் பேஃபைரஙியும் இதன் தோற்றுநர்கள். பெல்ஜிய ஆசிரியர் குயிசெனேர் கணிதத்திற்கென வடிவமைத்த வண்ணக் கோல்களையும், காலெப் கட்டெக்னோவின் மௌனவழிக் கற்பித்தலையும் தழுவி, ஆங்கிலம் ஒரு சொல்லும் கலவாமல் அவர்கள் மாவோரியைக் கற்பித்தனர். வயது வந்தோரே பெரும்பான்மையான மாணவர்கள். தம் பெற்றோரின் மொழியைத் தாம் பெறாதுபோனவர்கள். மொழிபெயர்ப்பு இல்லாத அவ்விடத்தில், 'சிவப்புக் கோல் எங்கே?' என்னும் வினாவும் அது மேசையின்மேல் இருப்பதும் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. இடத்தைக் காட்டுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

இதிலிருந்து பாட வரிசை பற்றிய நம் கருத்தை முன்வைக்கின்றோம். 'கெய் ஹெய கொயெ?', 'நீ எங்கே இருக்கிறாய்?' என்னும் வினா முதலில் வருதல் வேண்டும். பள்ளியில், வீட்டில், கடையில் எனப் பத்து இடங்களேனும் மாணவர் நாவில் பழகிய பின்னரே 'கெய் தெ அஹ கொயெ?', 'நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்பது வரலாம். அப்போது உண்ணுதல், உறங்குதல், எழுதுதல் ஆகியன முன்னர்ப் பழகிய இடங்களின் வரிசையில் தாமே வந்து சேரும். பல நூல்கள் நலம் வினவும் 'கெய் தெ பேஹெய கொயெ?' என்பதை முதலில் வைக்கின்றன. மரியாதை நோக்கில் அது பொருத்தமே. இலக்கண நோக்கில் இடவினா முந்துதல் நன்று.

எதிர்மறையை நெடுநாள் ஒத்திவைத்தலும் தவறு. 'காவொரெ அவ் இ தெ கய் இ தெ இக்க' என்பது 'நான் மீனை உண்டுகொண்டிருக்கவில்லை'. இதில் 'இ தெ' இருமுறை வருகின்றது. முதலாவது செயலின்கண் இருத்தலைக் காட்டுவது. இரண்டாவது 'ஐ' உருபினை ஒத்த செயப்படுபொருட் சொல்லும் சுட்டும் சேர்ந்தது. தொடக்கநிலை மாணவர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். அன்றியும் எதிர்மறையில் 'கெய்' மறைந்து 'இ' மட்டுமே எஞ்சுவதால், உண்டுகொண்டிருக்கவில்லை என்பது இப்போதா முன்பா எனத் தொடரமைப்பு கூறாது. 'இனாயனெய்' அல்லது 'இனனஹி' வந்து கூறுதல் வேண்டும், அல்லது பேசுமிடம் கூறுதல் வேண்டும். தமிழில் 'உண்ணவில்லை' என்பதும் நேற்றைக்கும் இன்றைக்கும் பொதுவாக நிற்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டி, இரு மொழித் தொடர்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டால் இப்பாடத்திற்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.